ஆறு புள்ளி பூஜ்யம் மூன்று

துப்பாக்கி என்னுடையது,
ஆனால் என்னோடு இல்லை.
சொன்புரியில் ஒரு டயர்க் கடையின் பின்னறையில்
பிரசித்தின் தூண்டில்களுக்குப் பக்கத்தில்
பழைய போர்வை சுற்றிக் கிடக்கிறது.
இந்தத் தீவில் பிளாஸ்டிக் மணி சுடுவதற்கும் இடமில்லை.
சட்டம் தெளிவு. எனக்கும் புகாரில்லை.
ஈசூனில் என்னிடம் இருப்பது
ஒரு நோட்டு, ஒரு பென்சில்.

மூன்று வாரம் யோசித்தேன்.
வாயுவில் ஓடுவது வேண்டாம்:
வெயிலேறினால் துள்ளும், மழைக்குச் சுருண்டுகொள்ளும்,
எங்கள் மேற்பார்வையாளர் மாதிரி.
ஸ்பிரிங் போதும்.
மலிவானதாக வாங்கு என்றான் பிரசித்,
உள்ளே எல்லாவற்றையும் மாற்றத்தானே போகிறாய்.

முதலில் மாற்றியது ஸ்பிரிங்,
கடையில் இருந்ததிலேயே கடினமானது.
பதினொரு வருஷமாக மின்தூக்கி பழுதுபார்க்கிறேன்.
பலத்தைக் கூட்டினால்
பலவீனமான இடம் தானே பேர் சொல்லி முன்வரும்.
தெரியும். தெரிந்தும் போட்டேன்.
பன்னிரண்டாவது இழுப்பில் விசைப்பல் உடைந்தது.
பிரசித் படம் அனுப்பினான்,
உள்ளங்கையில் அரிசி நொய் போல ஓர் உலோகத் துண்டு.

அப்புறம்தான் சின்னச் சாமான்களுக்கு இறங்கினேன்.
மணிக்குப் பின்சுழற்சி தரும் ரப்பர்.
காற்று கசியாமல் ஒரு வளையம்,
அதன்மேல் குழாய்க்காரர் சுற்றும் வெள்ளை நாடா, இரண்டு சுற்று.
குழலின் உள்விட்டம் ஆறு புள்ளி பூஜ்யம் மூன்று.
ஆறு புள்ளி பூஜ்யம் ஒன்றும் கிடைக்கும்,
அதற்கு ஒரு தூசி போதும், வம்பு வளர்க்க.
மணியோ ஐந்து புள்ளி ஒன்பது ஐந்து.
சுற்றிலும் மிஞ்சுவது
ஒரு தலைமுடியின் பாதி.
அந்தப் பாதி முடிக்குள்தான் என் நான்கு மாதச் சம்பள மிச்சம்.

எடை பாக்கி.
பிளாக் கீழே மஞ்சாடி மரம், நடைபாதையெல்லாம் சிவப்பு.
இரண்டு விதை பொறுக்கி வந்து சமையலறைத் தராசில் வைத்தேன்.
அரை கிராம்.
என் மணி அதற்கும் கொஞ்சம் கீழே.
"நகைக்கடை வைக்கப் போறீங்களா?"
என்றாள் நித்திலா, கடுகு வெடிக்கும் சத்தத்துக்கு மேலே.

காற்றைப் படிக்க எதிர் பிளாக் இருக்கிறது.
ஒன்பதாம் மாடி மூங்கில் கழியில் பள்ளிச் சீருடை,
நாலாம் மாடியில் பாத்திக் சாரோங்.
ஒரே நேரத்தில்
ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே.
இதற்கு என்ன திருத்தம் என்று
நோட்டில் இன்னும் காலியாகவே இருக்கிறது.

நவம்பரில் இரண்டு நாள் விடுப்பு.
மரவள்ளிக் காட்டில் நாற்பது நிமிடம் குப்புறக் கிடந்தேன்.
எறும்பு முழங்கையைக் கடந்து போய்
ஏதோ மறந்ததுபோல் திரும்பி வந்தது.
அறுபத்தைந்து மீட்டரில் நீலத் துண்டு கட்டிய ஒருத்தி,
பல் மருத்துவமனையில் வேலை, பெயர் நோக்.
சுட்டேன்.
மணி நேராகப் போய், யோசித்து, இறங்கியது.

யாரும் பார்க்கவில்லை. சத்தமும் கேட்டிருக்காது.
அவளுக்கு மட்டும் தெரியும்.
முதுகில் மஞ்சாடி விழுந்த அளவு.
நோக் கை உயர்த்தினாள்.
எந்தத் திசை என்றுகூடத் தேடாமல்
தண்ணீர்க் குடத்தை நோக்கி நடந்தாள்.

மாலையில் என் காலரில் ஏதோ பட்டது.
இலையாக இருக்கலாம்.
எறும்பாக இருக்கலாம்.
இலை இல்லை என்று தெரிந்தும்
இலையாக இருக்கலாம் என்றே கிடந்தேன்.
பிறகு கை தூக்கினேன்.

திங்கட்கிழமை, பிளாக் எழுநூற்றுப் பன்னிரண்டு,
இரண்டாம் மின்தூக்கி ஏழாம் மாடியில் கதவு திறக்கத் தயங்குகிறது.
உணரியைத் துடைத்தேன், தண்டவாளத்தை அளந்தேன்,
பழுதுப் பதிவில் எழுத வேண்டியதை எழுதினேன்.
அப்புறம் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து
ரப்பர், வளையம், குழல் எல்லாவற்றுக்கும் கீழே:

தாமதம் மூன்று நொடி.
காரணம் கண்டறியப்படவில்லை.